கிராணியார் காலுறையில் வந்த பூ

நடந்தவை, வரிசைப்படி:

1. கடல் தாண்டி ஒரு விதைப் பொட்டலம் வந்தது.
2. எங்கள் மேலாளர் அதை மடியில் வைத்துத் திறந்தார்.
3. அவருடைய காலுறைகள் சலவைக்குப் போயின.
4. மீதி விதைகள் மலை ரயில் ஏறிக் கொடிமலைக்குப் போயின.
5. மலைக்குப் போனவை அழுகின. சலவைக்குப் போனவை பூத்தன.

இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். லூர்துக்கு இது போதவில்லை. லூர்து என் வேலைக்கு அடுத்து வருகிறவள். சாவிகளை வாங்கிக்கொள்ள வந்த அன்று விதை அலமாரியைத் திறந்து பார்த்தாள். மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகள் உயர வரிசையில் நின்றன. அவற்றின் நடுவே துருப்பிடித்த பால் டின் ஒன்று.

"அக்கா, இத வீசிடவா?"

"வீசலாம். அப்புறம் செல்லத்துரை ஐயா உன்னை வீசுவாரு."

"பால் டின்னுக்கா?"

"ஆமா."

"அப்ப அந்தக் கதைய எழுதி வச்சிட்டுப் போங்க. பட்டியல் போடாம எழுதுங்க."

பட்டியல் இல்லாமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. முயன்று பார்க்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் எழுதுகிறார் என்றால் நரைத்த தலையை எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நரை இன்னும் வரவில்லை, கல்யாணம் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மாலை மாற்றும் மாதத்துக்கு முந்தைய மாதம் சாவியை ஒப்படைக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன வேல பாக்குது?" என்று கேட்டபோது, "பூச்செடியப் பத்திப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குது," என்றார் அம்மா. "அது ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வடையை எடுத்தார்கள். அதுவும் ஒரு வேலைதான் என்று அவர்களுக்குச் சொல்லவும் இந்தக் கட்டுரை உதவும்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சீனியர் பரீட்சை தேறினேன். பிறகு சிங்கப்பூரில் ஓராண்டு பயிற்சி. செடியை அழுத்தி உலர்த்துவது, தாளில் தைப்பது, விதையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைவது, ஈரமில்லாமல் சேமிப்பது எல்லாம் கற்றேன். அங்கே ஒரு புட்டியை நான் உடைத்ததையும் சேர்த்தால் சிங்கப்பூர்க் கதை முடிந்தது.

திரும்பி வந்ததும் பள்ளித் தோட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் சாலையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறையும் பின்னால் ஒரு நாற்றுப் பந்தலும்தான் அலுவலகம். வாரம் முழுதும் கூடையைத் தூக்கிக்கொண்டு டிராமிலும் ரிக்‌ஷாவிலும் தீவின் தமிழ்ப் பள்ளிகளுக்குப் போவேன். ஒரு பள்ளிக்கு ஒரு மணி நேரம். ஒரு செடி, ஒரு பூ அல்லது ஒரு விதையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பேசவிடுவேன். 'செடிப் பாடம்' என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டியின் கண் விழுந்தது. கூலிக்காரர் பிள்ளைகளுக்கு மகரந்தம் எதற்கு, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தால் பள்ளி வளாகமாவது சுத்தமாக இருக்கும் என்று அங்கே ஒருவர் பேசியிருக்கிறார். பலர் தலையாட்டியிருக்கிறார்கள். கடைசியில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை நேரில் வந்து ஒரு பாடத்தைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் சரி என்றால் பாடம் இருக்கும். இல்லையென்றால் மண்வெட்டி வரும். தைப்பூசம் கழிந்து வருவதாகத் தகவல் வந்தது.

அந்த நேரத்தில்தான் பொட்டலமும் வந்தது.

பொட்டலத்துக்கு முன்னால் செல்லத்துரை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அரைக்கால் சட்டைக்குக் கீழே முழங்கால்வரை இழுத்துவிட்ட சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை போடுவார். பினாங்கு வெயிலில் அதைப் பார்த்தாலே நமக்கு வியர்க்கும். அவருக்கு வியர்க்காது. வியர்ப்பது ஒழுங்கில் சேர்த்தியில்லை என்பது அவர் எண்ணமாக இருக்க வேண்டும். கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் 'பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் நாமே நம் தப்பைக் கண்டுபிடித்துவிடுவோம். அலுவலகச் சுவரில் 'ஒரு விதையும் சிந்தலாகாது' என்று அவர் கையால் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

விதைப் பொட்டலம் திறப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மேசை ஆகாது, உருண்டு விழும் என்பார். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மடியில் வெள்ளைத் தாளை விரித்து, முழங்கால்களை ஒட்டி வைத்து, நூலை வெட்டாமல் முடிச்சை அவிழ்ப்பார். அதுவரை பக்கத்தில் யாரும் தும்மக் கூடாது. பிறகு தாளின் மேல் கவிழ்த்து ஒரு கோழியிறகால் பரப்புவார்.

அன்றும் அப்படித்தான் செய்தார். தாளில் விழுந்தவற்றைப் பார்த்து இருவரும் குனிந்தோம். மிளகைவிடச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் ஆறு முட்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் தூண்டில்போல வளைந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு விதை. கூடவே ஒரு தாள். பொட்டலம் வந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் அம்மையார் எழுதியது. கடலோர மலைகளில் தானே முளைக்கும் ஓராண்டுச் செடி, மழையில் முளைத்து வெயிலில் பூத்துக் காய்ந்துவிடும், உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். செடியின் பெயர் பொட்டலத்தைவிட நீளம். நான் 'கொக்கிப்பூ' என்று சுருக்கிக்கொண்டேன்.

"பிள்ளை, இன்ஸ்பெக்டருக்குக் காட்டுறதுக்கு இதுதான் பொருத்தம். மற்றதெல்லாம் அவர் கண்டிருப்பார். இதைக் காண ஏலாது," என்றார் ஐயா. அன்றே அப்படியே கமிட்டிக்கு எழுதியும் விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அலுவலக வாசலில் காத்தாயி அக்கா வந்து நின்றார். ஆற்றங்கரை வண்ணாந்துறையில் அவருக்கும் அவர் கணவருக்கும் ஒரு கல்லும் ஒரு கொட்டகையும் உண்டு. டவுனில் பாதிப் பேருடைய துணி அங்கேதான் வெளுக்கிறது. தலையில் மூட்டை, கையில் ஐயாவின் காலுறை. அதைக் கொடிபோல உயர்த்திப் பிடித்திருந்தார். அலுவலகத்தில் பேனா பிடிக்கிற எல்லாரும் அவருக்குக் கிராணிதான்.

"கிராணியாரே! இது என்னா முள்ளு லா? எங்க வீட்டுக்காரரு வெரல்லாம் ரத்தம்."

ஐயா நிமிரவில்லை. "எனக்குத் தெரியாது."

"கால்மேஸு ஒங்களுதுதானே? குறியப் பாருங்க."

சேங்கொட்டை மையில் போட்ட வண்ணான் குறி மடிப்பின் உள்ளே இருந்தது. ஒரு புள்ளி, இரண்டு கோடு. காத்தாயி அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஊரில் எல்லாருடைய குறியும் தெரியும்.

"காலுறை என்ர. முள்ளு என்ர இல்லை," என்றார் ஐயா. அவர் தலைக்கு மேலே, ஒரு விதையும் சிந்தலாகாது என்று சுவர் சொல்லிக்கொண்டிருந்தது.

"சரி லா. ஒங்க துணியில வந்தது ஒங்களுது. பொத்தானோ காசோ முள்ளோ, நான் எதையும் வீசமாட்டேன். குறி போட்டு எடுத்து வச்சிருக்கேன். மனசு வந்தா வந்து வாங்கிக்குங்க."

அவர் போன பிறகு ஐயா வெகுநேரம் பேனா முனையைத் துடைத்தார். நான் பந்தலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். தாளில் விதை நிறைய இருந்ததால் இரண்டு மூன்று போனதைப் பெரிதாக நினைக்கவில்லை.

விதைப்பதற்கு ஐயா மூன்று நாள் யோசித்தார். 'கடலோர மலை' என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"பிள்ளை, கடலோர மலை எங்கட்டை இருக்குத்தானே?"

"கொடிமலையா, ஐயா?"

"கடலும் இருக்கு, மலையும் இருக்கு. வேற என்ன வேணும்?"

அங்கே மேகம் தினமும் இறங்குகிறதே, இந்தச் செடிக்கு நீண்ட வறட்சி வேண்டுமே என்று சொன்னேன். மலையென்றால் மேகம் இருக்கும்தானே என்றார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. மலை ரயிலில் அரசாங்கச் செலவில் போய்வரும் யோசனை எனக்கு அத்தனை கசப்பாகவும் இல்லை.

எல்லா விதைகளும் மேலே போயின. ஒரு பங்களாத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் கேட்டு வாங்கினோம். மணலை மூன்று தடவை சலித்தோம். ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று பெயர்ப்பலகை. ஒன்று தொட்டியின் மேல், ஒன்று தொட்டிக்குள், ஒன்று மண்ணுக்கடியில். மேலே இருப்பதைக் குரங்கு கொண்டுபோனாலும் உள்ளே இருப்பது சாட்சி சொல்லும் என்பது ஐயாவின் கணக்கு. குரங்கு மூன்றாவதைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுபோனது. அந்த அளவில் அவர் கணக்கு சரி.

விதைகள் முளைத்தன. வாரம் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். முதலில் தரையோடு ஒட்டிய இலைவட்டம், பச்சைப் பொட்டுபோல. அடுத்த வாரம் போனபோது தொட்டிகள் பஞ்சுபோன்ற மேக மூட்டத்துக்குள் இருந்தன. அதற்கடுத்த வாரம் நாற்றுகளின் கழுத்து நூலாக இளைத்து ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. கடைசியாகப் போனபோது பாசி மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

கீழே வந்து சொன்னேன். ஐயா 'பிள்ளை' என்று கூப்பிட்டார், பிறகு பேசவில்லை. ஆனால் இந்த மௌனத்தில் தப்பைத் தேடியவர் அவரே.

"நான் கடல் எண்டதை வாசிச்சன், மலை எண்டதை வாசிச்சன்," என்றார் கடைசியில். "வெயில் எண்டதை வாசிக்கேல்லை."

இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கிவிட்டது. வேறு பூவைக் காட்டலாம் என்றால், இந்தப் பூவைத்தான் காட்டுவோம் என்று ஐயா எழுதிக் கொடுத்துவிட்டார். சொன்னதைச் செய்ய முடியாதவர்கள் என்று கமிட்டியிலே சொல்ல அதுவே போதும். கம்பியிலும் காகிதத்திலும் ஒரு மாதிரிப் பூ செய்ய உட்கார்ந்தேன். ஆறு கம்பியை வெட்டி ஒவ்வொன்றின் நுனியையும் இடுக்கியால் வளைத்தேன். நான்காவது கொக்கியை வளைக்கும்போது அது என் சேலைத் தலைப்பில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

பாடத்தில் சொல்வதற்காக நானே எழுதி வைத்திருந்த வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பூவின் முள் குத்துவதற்கு அல்ல, தொற்றிக்கொண்டு போவதற்கு. அப்படியென்றால் அந்தக் காலுறையில் தொற்றிப் போனவை எங்கே?

வண்ணாந்துறைக்கு ஓடினேன். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது. ஊர் வேட்டி முழுதும் அங்கே அடிபட்டுக்கொண்டிருந்தது. முறுக்கிய இரட்டைக் கயிறுகளின் நடுவே நுனிகளைச் செருகி வெள்ளை வெள்ளையாய்க் காயப்போட்டிருந்தார்கள். கொட்டகையில் காத்தாயி அக்காவின் கணவர் வாயில் தண்ணீர் வைத்துத் துணிமேல் புகைபோல ஊதிவிட்டுக் இஸ்திரிக் கரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்துக் கட்டையில் பால் டின்கள் வரிசையாக நின்றன. காற்றில் உருளாமலிருக்க ஒவ்வொன்றிலும் பாதி ஆற்று மணல். மணலின் மேல் பொத்தான், கொலுசுத் திருகு, யாரோ ஒருவரின் டிராம் சீட்டு. ஒவ்வொரு டின்னிலும் ஒரு குறி.

ஒரு புள்ளி, இரண்டு கோடு போட்ட டின்னில் செடி இருந்தது.

குள்ளம்தான். என் விரல் நீளம்கூட இல்லை. சிவந்த தண்டு இரண்டிரண்டாகக் கவைத்துப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கவையிலும் முட்கிண்ணங்கள். கிண்ணங்களுக்குள்ளிருந்து அரிசிக் குறுணையளவுப் பூக்கள், வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடி, வெளியே எட்டிப் பார்த்தன.

"அக்கா, இத நான் எடுத்துக்கலாமா?"

"ஒங்க குறியா அது?"

"இல்ல. ஆனா..."

"அப்ப தொடாதீங்க, தங்கச்சி. குறிக்காரரு வரணும். நாளைக்கு அவரு வந்து எங்க என் சாமான்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? எங்க தொழிலு சுசாவாப் போயிடும், அப்புறம் கஷ்டம் லா."

எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார், குடையை எடுத்தார்.

துறையில் அவரைப் பார்த்ததும் அடிக்கிற சத்தம் கல்லுக்குக் கல் குறைந்தது.

"வாங்க கிராணியாரே. என்னா வேணும்?"

"அந்த... சாமான்."

"என்னா சாமானு?"

"முள்ளு."

"யாரு முள்ளு?"

ஐயா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். எங்கள் பாடத்தின் கதி அந்தக் குடைக்கும் அவர் வாய்க்கும் நடுவே தொங்கியது.

"என்ர முள்ளு!" என்றார். இவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதில்லை.

துறை முழுதும் சிரித்தது. "அத அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பொத்தானும் சேத்துக் கொடுத்திருப்பேன்!" என்றார் காத்தாயி அக்கா. ஐயாவின் நெற்றியில் முதல்முறையாக வியர்வையைப் பார்த்தேன்.

அவர் டின்னைத் தூக்கக் கை நீட்டியபோது நான் தடுத்தேன். அடியில் துருவேறி ஓட்டை விழுந்து நீர் நிற்காத டின். மேலே மழை படாத தாழ்வாரம். காலையில் மட்டும் வெயில். கரிப்பெட்டியின் வறண்ட சூடு. இஸ்திரி போடுபவர் ஊதும்போது சிதறிவரும் கொஞ்சம் ஈரம். தீவு முழுதும் தேடினாலும் இப்படி ஓர் இடம் கிடைக்காது. செடியைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டாம், பள்ளியை இங்கே கொண்டுவருவோம் என்றேன்.

ஐயா வளர்ப்பு முறையை எழுதத் தாளை எடுத்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. "பிள்ளை, வாயால தண்ணி ஊதுறதை எப்பிடி எழுதுறது?" கடைசியில் 'மிக மெல்லிய தூறல், இடைவிட்டு' என்று எழுதினார்.

தைப்பூசக் கூட்டம் கலைந்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய உடம்பு, வெள்ளைக் காலுறை. தமிழ்ப் பரீட்சை தேறியவர், அச்சடித்த புத்தகம்போலப் பேசுவார். வண்ணாந்துறையில் பாடம் என்றதும் தொப்பியைக் கழற்றி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கமிட்டிக்காரர் ஒருவரும் கூட வந்திருந்தார். மண்வெட்டியைப் பற்றிப் பேசியவர் அவர்தான் என்று ஐயா எனக்குக் கண்ணால் காட்டினார்.

பிள்ளைகள் டின்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செடியின் அடிப்பகுதி அதற்குள் காய்ந்து பழுப்பாகிவிட்டது. நுனியில் மட்டும் பூ இருந்தது.

"டீச்சர், இது பாதி செத்துப்போச்சு," என்றாள் பொன்னி. காத்தாயி அக்காவின் தங்கை மகள், துறையிலேயே வளர்கிற பெண். ஒளிவுமறைவு தெரியாது.

"ஆமா. இது ஒரு வருசச் செடி. மழையில மொளைக்கும், வெயில்ல பூக்கும், வெதை வச்சிட்டுக் காஞ்சிடும். அடுத்த மழைக்குப் புதுச் செடி."

"அப்ப குட்டிச் செடி அதோட அம்மாவப் பாக்கவே பாக்காதா?"

இந்தக் கேள்வி என் குறிப்பில் இல்லை. "பாக்காது," என்றேன். "அதனாலதான் அம்மா போறதுக்கு முன்னாடியே சட்டை தச்சுப் போட்டுவிட்டுடறா. இந்தக் கிண்ணம்தான் சட்டை. கொக்கி வச்ச சட்டை. யாராவது பக்கத்துல போனா புடிச்சிக்கும். ஆடு போனா ஆட்டு ரோமம், நரி போனா நரி வாலு."

"முள்ளு கடிக்கிறதுக்கு இல்லியா?"

"தொட்டுப் பாரு."

காய்ந்த கிண்ணம் ஒன்றைக் கிள்ளி அவள் பாவாடையில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. உதறினாள், போகவில்லை. எல்லாருக்கும் வேண்டுமென்று கை நீட்டினார்கள். கிண்ணங்கள் கை மாறின. எட்டிப் பார்க்க இன்ஸ்பெக்டர் இன்னும் நெருங்கிக் குந்தினார். எழுந்தபோது அவர் வெள்ளைக் காலுறையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. அவர் கவனிக்கவில்லை. பொன்னி கவனித்தாள்.

"சிறுமியே," என்றார் இன்ஸ்பெக்டர், "இவ்விதை இனி எவ்விடம் செல்லும்?"

பொன்னி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்குப் போவும், தொரை. அப்புறம் சனிக்கெழம எங்க பெரியம்மாகிட்ட திரும்பி வந்துரும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மண்வெட்டிக்காரரும் குனிந்தார். அவர் காற்சட்டையிலும் ஒன்று இருந்தது.

"தொரை துணியும் இங்கதான் வருது," என்றார் காத்தாயி அக்கா கொட்டகையிலிருந்து. "மூணு கோடு, ஒரு வளையம். டின்னு எடுத்து வச்சிடறேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் கயிற்றில் உட்கார்ந்திருந்த மைனா பறந்தது. செல்லத்துரை ஐயா மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சைப் பேப்பர் திரும்பி வரக் காத்திருக்கும் மாணவன்போல நின்றிருந்தார். "இப்பாடத்தை நிறுத்த வேண்டா," என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் சொன்ன பிறகுதான் குடையின் பிடியைத் தளர்த்தினார்.

இப்போதைய நிலை இது. செடிப் பாடம் நடக்கிறது, எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும், வாரம் ஒரு மணி நேரம். மண்வெட்டிகளும் வந்தன, அவை பள்ளி முடிந்த பிறகுதான் வெளியே வருகின்றன. தாழ்வாரத்து டின்களில் மழை ஓய்ந்த காலத்தில் இரண்டொரு கொக்கிப்பூ பூக்கிறது, சில வருடம் பூப்பதில்லை. சுவரில் சட்டம் அப்படியே இருக்கிறது. ஐயா பொட்டலங்களை இப்போது மேசைமேல் வைத்துத் திறக்கிறார், காலுறையை அதே இடத்துக்குத்தான் அனுப்புகிறார். அலமாரியில் இருக்கும் பால் டின் அவருடையது, ஒரு புள்ளியும் இரண்டு கோடும் போட்ட அதே டின். அதில் விதை இருக்கிறது, வீசக் கூடாது. சாவி லூர்துவிடம் இருக்கிறது.